ஆறு ஆள் தூக்கும் அலமாரி

பால் காய்ச்ச இன்னும் அறுபத்து மூன்று மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு நான் பாகலூர் சாலையில் ஆஞ்சப்பனின் தகரக் கொட்டகைக்குள், கையில் அளவு டேப்போடு நின்றுகொண்டிருந்தேன். முதல் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். ஞாயிறு காலை ஆறரைக்குப் புது வீட்டில் பால் பொங்க வேண்டும். அதற்குள் டைனிங் ஹாலின் வடக்குச் சுவருக்கு ஓர் அலமாரி வேண்டும்.

மணிக் கணக்கு எனக்கு வேலையில் வந்த பழக்கம். எங்கள் கம்பெனியில் போல்ட்டுகளுக்குத் துத்தநாக முலாம் பூசுகிறார்கள். அந்த முலாம் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது என் வேலை. உப்புத் தண்ணீரைப் பனியாக அடிக்கும் ஒரு பெட்டிக்குள் போல்ட்டுகளை அடுக்கி மூடிவிட்டு, முதல் சிவப்புத் துரு தெரியும்வரை எண்ணிக்கொண்டிருப்பேன். தொண்ணூற்றாறு மணி, நூற்று நாற்பத்து நான்கு மணி, இருநூற்று நாற்பது மணி. பெட்டி பேசாது. போல்ட்டும் பேசாது. எனக்கு ஒத்துவருகிற வேலைதான்.

ஆஞ்சப்பனின் கொட்டகையில் இருப்பதெல்லாம் பெங்களூரில் இடிக்கப்பட்ட பழைய பங்களாக்களின் சாமான்கள். எல்லை தாண்டி லாரியில் வந்து இறங்கும். கதவுகள், கம்பி வைத்த ஜன்னல்கள், ஒரு கை உடைந்த சாய்வு நாற்காலி, ஊசல் இல்லாத கடிகாரப் பெட்டிகள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஆஞ்சப்பன் வேலையாட்களிடம் தெலுங்கிலும், போனில் கன்னடத்திலும், என்னிடம் தமிழிலும் பேசினார்.

“சைடு போர்டுன்னா மூணு இருக்குதும்மா. பாருங்க, தொட்டுப் பாருங்க, கதவத் தொறந்து பாருங்க.”

முதலாவது தேக்கு. நீளமாக, தாழ்வாக இருந்தது. கண்ணாடிக் கதவுகளில் பூ வேலை. அழகானதுதான். உயரத்தை அளந்தேன். முப்பத்து மூன்று அங்குலம். வேண்டாம் என்று தலையாட்டினேன். இரண்டாவது உயரம் சரியாக இருந்தது. ஆனால் கால்கள் ஒல்லி. தோளால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். சிமென்ட் தரையில் சத்தம் போட்டுக்கொண்டு நகர்ந்தது. அதையும் வேண்டாம் என்றேன்.

ஆஞ்சப்பன் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

“நானும் இருவது வருசமா யாவாரம் பண்றன். வர்றவங்க மரத்தத் தட்டிப் பாப்பாங்க, பூட்டப் பாப்பாங்க. நீங்க பின்னாடி போயி முதுகப் பாக்கறீங்க, இடிச்சுப் பாக்கறீங்க. மாடு வாங்க வந்தாப்பல இருக்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் சொல்வதென்றால் ஜன்னலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டுக்கு பிளான் போட்ட அன்று இன்ஜினியர் விமல்ராஜ் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ஒரு பக்கம் நானும் என் கணவர் மாதேஷும். எதிரில் மாதேஷின் அம்மா சரோஜம்மாள். மாமனார் போன பிறகு பாரூரில் தனியாக நெல்லையும் கரும்பையும் பார்த்துக்கொண்டிருந்தவர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் புது வீட்டில் எங்களோடு வந்து இருக்கப்போகிறார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் படத்தில் சமையலறை எது, பின்கட்டு எது என்று விரலால் தடவித் தடவிச் சரியாகக் கண்டுபிடித்தார். துணி துவைக்கும் இடத்தை இன்னும் நாலடி நீட்டச் சொன்னார். அங்கே ஒரு சிமென்ட் திண்டு, மேலே ஃபேன், ஒரு பிளக் பாயின்ட், ஒட்டினாற்போல் ஒரு பாத்ரூம். பிறகு அந்த இடத்துக்கும் டைனிங் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஒரு ஜன்னல் கேட்டார். கம்பி இல்லாமல், கதவு இல்லாமல். தட்டும் டம்ளரும் நுழைகிற அளவுக்கு.

விமல்ராஜ் எதுவும் கேட்கவில்லை. இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம், தரையிலிருந்து மூன்றடி என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். “நம்ம பக்கத்துல ரெண்டு மூணு வீட்டுக்குப் போட்டுக் குடுத்திருக்கேன் மேடம்,” என்றார் என்னிடம். பிறகு, “உங்களுக்கு ஏதாவது மாத்தணுமா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல,” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பதினான்கு மாதம் சுவர் எழுந்தது.

பாரூர் வீட்டில் அந்த மூன்று நாட்களுக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு தகரச் சாய்ப்பு உண்டு. சுவரில் ஒரு மாடம். மாடத்தில் ஓர் அலுமினியத் தட்டும் டம்ளரும். தட்டின் விளிம்பு ஓரிடத்தில் உள்ளே மடங்கியிருக்கும். மத்தூரில் என் பிறந்த வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, அவ்வளவுதான். கல்யாணமான மூன்றாவது மாதம் பாரூருக்குப் போனபோதுதான் அந்தத் தட்டைப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் ஐந்து முறை அதில் சாப்பிட்டிருக்கிறேன். ஓசூர் வாடகை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அங்கே எல்லா நாளும் ஒரே நாள். நான் சமைப்பேன், மாதேஷ் சாப்பிடுவார், ஒன்றும் ஆகவில்லை.

அத்தை கெட்டவர் இல்லை. திட்டுகிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபம். பிளான் போட்டு முடித்து விமல்ராஜ் போன பிறகு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “எனக்கு எங்க மாமியா தட்டத் தரையில வெச்சு தொடப்பக் கட்டையால தள்ளுவாங்க. மழ நாள்ல கஞ்சியோட மழத் தண்ணியும் குடிப்பன். ஒனக்கு அப்படியா? டைல்ஸ் போட்ட எடம், ஃபேன் காத்து. கையில வாங்கிக்கலாம். எம்மூஞ்சியப் பாத்து வாங்கிக்கலாம்.” இருபது வருடமாக யோசித்து வைத்திருந்த ஜன்னல் அது என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

மாதேஷிடம் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் அவர், “ஃபேன் இருக்குதுல்ல சௌமி,” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தபோது பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டையைத் தந்துவிட்டுப் போனார். தள்ளிப்போடுகிற மாத்திரை. கோயில், கல்யாணம் என்றால் எங்கள் லேப்பிலும் பெண்கள் வாங்கிப் போடுவதுதான். “செவ்வாக்கெழமலேர்ந்து காலைல ஒண்ணு, ராவுல ஒண்ணு. மெடிக்கல்ல கேட்டுட்டன். பால் காய்ச்சறப்போ ஒரு தடங்கலும் வரக்கூடாது.” வாங்கிக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டேன். அளவு டேப்பும் அங்கேதான் இருந்தது.

“இன்னொண்ணு இருக்குதுன்னீங்களே,” என்று ஆஞ்சப்பனிடம் கேட்டேன்.

“இருக்குது. ஆனா அது ஒங்களுக்கு வேணாம்மா.”

கொட்டகையின் கடைசியில், தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. அவர் பாயை இழுத்ததும் தூசி எழுந்து அடங்கியது. கறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்ட நிறம். கீழே நான்கு கதவுகள், அதற்கு மேல் மூன்று இழுப்பறைகள், அதற்கும் மேல் இரண்டு தட்டுகள். அந்தத் தட்டுகளுக்குப் பின்னால் முழு அகலத்துக்கும் ஒரு கண்ணாடி. ஓரங்களில் ரசம் போயிருந்தாலும் நடுவில் முகம் தெரிந்தது. கால்கள் கால்களாகவே இல்லை. நான்கு மூலையிலும் நான்கு மரக் கட்டிகள். ஓர் இழுப்பறையைத் திறந்தேன். பச்சை வெல்வெட் ஒட்டி, கரண்டி வைக்கத் தனித்தனியாகப் பள்ளம் வைத்திருந்தார்கள். யாரோ ஒருவர் தினமும் ஒரே இடத்தில் ஒரே கரண்டியை வைத்து எடுத்த தடம் வெல்வெட்டில் தேய்ந்திருந்தது.

“பீட்டி மரம். நீங்க ஈட்டின்னு சொல்வீங்க. இது வீட்டுக்குள்ள போச்சுன்னா வெளிய வராதும்மா. பெங்களூர்ல செவுத்த இடிச்சப்பறந்தான் எங்களால வெளிய எடுக்க முடிஞ்சுது. மேல் பாதியும் கீழ் பாதியும் தனியா வரும், உள்ள கொண்டுபோயிதான் சேக்கணும். சேத்துட்டா பிரிக்கிறது பெரிய பாடு. மரை எல்லாம் துருப்புடிச்சுப் போச்சு. மூணு பேரு வாங்கறன்னு வந்துட்டு ஓடிட்டாங்க.”

தோளால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. கால் ஊன்றி, இரண்டு கையாலும் தள்ளினேன். என் செருப்புத்தான் வழுக்கியது.

“எத்தன ஆளு தூக்கணும்ண்ணா?”

“ஆறு. ரெண்டு பேரு பயில்வானா இருந்தா அஞ்சு.”

உயரம் எழுபத்திரண்டு அங்குலம். ஜன்னலின் மேல் விளிம்பு ஐம்பத்து நாலு. அகலம் அறுபத்திரண்டு. சமையலறைக் கதவுக்கும் மூலைக்கும் நடுவே இருக்கிற சுவர் அறுபத்து நாலு. டேப்பை விட்டதும் அது சுருண்டு பெட்டிக்குள் ஓடியது.

“இதுதான் வேணும்,” என்றேன்.

ஆஞ்சப்பன் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். “செவுத்துல விரிசல் கிரிசல் இருக்குதாம்மா, மறைக்க?”

“அப்படித்தான்,” என்றேன்.

புது வீட்டுக்குப் பழைய மரம் ஆகாது என்பார்கள். யார் வீட்டுச் சாமானோ, எந்தச் சாவைப் பார்த்ததோ என்று. மாதேஷ் போனில் அதையேதான் கேட்டார். “பால் காய்ச்சற வீட்டுக்குப் பழசா? அம்மா என்ன சொல்லுமோ.” பிளைவுட்டில் புதிதாக வாங்கிக்கொள்ளலாமே என்றார். பிளைவுட்டில் வாங்கினால் அத்தை ஒரு கையால் இழுத்து நகர்த்திவிடுவார். அதை நான் சொல்லவில்லை. “எனக்குப் பிடிச்சிருக்கு,” என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பிடித்திருக்கிறது என்று நான் சொல்லி அவர் அதிகம் கேட்டதில்லை. அதனாலோ என்னவோ, சரி என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை லேப்பில் இருந்தேன். பெட்டிக்குள் இருந்த போல்ட்டுகளுக்கு அன்று நூற்று இருபதாவது மணி. பதினொன்றரைக்கு இருக்கையிலிருந்து எழுந்து போனேன். திரும்பி வந்து கை கழுவித் துடைத்துக்கொண்டு, பதிவேட்டில் எழுதுகிற அதே பேனாவை எடுத்து, என் சின்ன நோட்டின் மூலையில் 11.30 என்று எழுதினேன். வேறெதுவும் எழுதவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மேகலா, “என்னடி, முகம் ஒரு மாதிரி இருக்குது?” என்றாள். “ஒண்ணுமில்ல,” என்றேன். எத்தனை ஒண்ணுமில்ல சொல்லியிருக்கிறேன் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் அலமாரி வந்தது. ஆறு பேர். ஆஞ்சப்பன் ஏழாவதாக வந்து கத்திக்கொண்டிருந்தார். கீழ்ப் பாதியை வாசல் நிலையில் ஒருக்களித்து நுழைத்தபோது இரண்டு பக்கமும் ஒரு விரல்கடை இடம்தான் மிச்சம். ஒருவர் தெலுங்கில் அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். மேல் பாதியை ஏற்றி உட்கார வைத்து, துருப்பிடித்த மரையாணிகளை எடுத்துவிட்டுப் புதிதாக நீள மரைகளை முடுக்கினார்கள். கடைசி மரையை நான் முடுக்குகிறேன் என்று கேட்டு வாங்கினேன். கூச்சமாகத்தான் இருந்தது. எங்கள் கம்பெனியில் முலாம் பூசிய போல்ட்டை எத்தனையோ வண்டிகளில் யார் யாரோ முடுக்கியிருப்பார்கள். நான் முடுக்கியது இதுதான் முதல்.

அவர்கள் போன பிறகு தனியாக நின்று பார்த்தேன். ஜன்னல் இருந்த இடத்தில் கண்ணாடி இருந்தது. பின்கட்டுக்குப் போய் அங்கிருந்து பார்த்தேன். ஜன்னல் வழியாக மரத்தின் முதுகு தெரிந்தது. கையை விட்டால் விரல் நுனி மரத்தில் இடித்தது. அந்தப் பக்கம் யாருக்கும் வேலை செய்ய வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தோ என்னவோ, செய்தவர்கள் முதுகை இழைக்காமலே விட்டிருந்தார்கள். பிறகு ஈரத்துணியால் அலமாரியை உள்ளும் புறமும் துடைத்தேன். மத்தூரிலிருந்து அம்மா கொடுத்த எவர்சில்வர் தட்டுகளைக் கண்ணாடிக்கு முன்னால் அடுக்கினேன். ஒவ்வொரு தட்டும் இரண்டாகத் தெரிந்தது.

சாயங்காலம் அத்தை வந்தார். கூட அவருடைய அக்கா நாராயணம்மா. வேனிலிருந்து நெற்கதிர்க் கட்டு, இரண்டு முழுக் கரும்பு, தென்னம்பாளை எல்லாம் இறங்கின. அத்தை நேராக டைனிங் ஹாலுக்கு வந்து அலமாரியைப் பார்த்தார். உள்ளங்கையால் அதன் பக்கவாட்டைத் தடவினார்.

“பழசுன்னு மாதேசு சொன்னான். பரவால்ல, நல்ல மரந்தான். வைரம் பாஞ்ச மரம். இப்ப எவன் செய்யறான் இந்த மாதிரி.” கதவைத் திறந்து மூடினார். கண்ணாடியில் முடியைச் சரி செய்துகொண்டார். அப்போதுதான் அவர் கை நின்றது. இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“ஜன்னல் எங்க?”

“பின்னாடி இருக்கு அத்தை.”

“பின்னாடின்னா?”

“அலமாரிக்குப் பின்னாடி.”

அத்தை சிரித்தார். தெரியாமல் வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். “எடம் பாக்காம வெச்சிட்டாங்க போல. டேய் மாதேசு, வா, ஒரு கை புடி.” மாதேஷ் ஒரு பக்கம், வேன் டிரைவர் ஒரு பக்கம், அத்தை நடுவில். ஏலேலோ என்று நாராயணம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். டிரைவர் முகம் சிவந்தது. மாதேஷின் சட்டையில் கக்கத்துத் தையல் விட்டது. அலமாரி ஒரு நூல்கூட நகரவில்லை.

“என்னாடி இது சரோஜா, ஒம் மருமவ யானையக் கொண்டாந்து கட்டி வெச்சிருக்கா,” என்றார் நாராயணம்மா.

“தூக்கியாந்தவங்களக் கூப்புடுறா. வந்து நவுத்தி வெக்கட்டும்.”

“நகராது அத்தை,” என்றேன். “ஆறு பேர் வந்தாங்க. மரை போட்டு முடுக்கியாச்சு.”

“நவுராதுன்னு தெரிஞ்சா வாங்குன?”

வாயில் ‘இல்ல’ என்ற சொல் தயாராக இருந்தது. எப்போதும் தயாராக இருக்கிற சொல் அது.

“ஆமா,” என்றேன்.

மாதேஷ் என்னைப் பார்த்தார். டிரைவர் வேனுக்குப் போய்விட்டார். அத்தை ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோபம் என்று சொல்ல முடியாது. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“செரி, வுடு. நாளைக்கு நல்லது நடக்கட்டும். கொத்தனாரு இங்கதான இருக்கான், திங்கக்கெழம வரச் சொல்றன். சமையக்கட்டுச் செவுத்துல ஒரு ஓட்டய போட்டுக்கலாம். எந்தச் செவுரா இருந்தா என்ன.”

எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று வாரம் அளந்தேன். ஒரு சுவரை மட்டுமே அளந்திருக்கிறேன். ஈட்டி மரத்தில் ஆறு ஆள் கனத்துக்கு ஓர் அலமாரி, அத்தையின் ஒரு வாக்கியத்தில் சும்மா ஓர் அலமாரியாகிவிட்டது. வீட்டில் இன்னும் எத்தனை சுவர் இருக்கிறது என்று என்னையறியாமல் எண்ணினேன்.

அத்தை தன் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். பிரிக்காமலே தெரிந்தது. “இதப் பின்னாடி திண்டு மேல வெச்சிரு. இங்க புதுசு வாங்க வேணாம்.” வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தாளைப் பிரித்தேன். விளிம்பு மடங்கிய அலுமினியத் தட்டு. டம்ளர். புளி போட்டு இரண்டையும் தேய்த்துக் கழுவினேன். துடைத்தேன். யாரும் பார்க்காதபோது கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால், எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவில் நிறுத்தினேன்.

மாதேஷ் வந்து பக்கத்தில் நின்றார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல.”

“மூணு தடவ சொன்னேன்,” என்றேன். “ஃபேன் இருக்குதுன்னீங்க.”

அவர் கிழிந்த தையலுக்குள் விரலை விட்டு நோண்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை ஐயர் வந்தார், ஓமம் முடிந்தது, கண் எரிந்தது. ஆறரைக்கு அடுப்பில் பால் பானையை ஏற்றினேன். மாமனார் போன பிறகு அத்தை இந்த மாதிரி வேலைகளில் முன்னால் வருவதில்லை. சமையலறைக்குள் வராமல், நிலைக்கு வெளியே சுவரோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்காகத் தென்னந்தோப்பில் பாதியை விற்றவர் அவர்தான்.

“வாங்க அத்தை. நீங்க ஒரு கை அரிசி போடுங்க,” என்றேன்.

“அய்யோ, நான் வரக்கூடாது. நீ போடும்மா. நீ சுமங்கலி, சுத்தமா இருக்கற. நீதான் போடணும்.”

என் கையில் அரிசி இருந்தது. அவரைப் பார்த்தேன். சுவரில் முதுகை அழுத்தி, இடத்தை முடிந்தவரை குறைத்துக்கொண்டு நின்றார். நான் அப்படி நிற்பேன். கூட்டத்தில், பஸ்ஸில், லேப் மீட்டிங்கில் அப்படித்தான் நிற்பேன். பால் நுரைத்து ஏறிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. எல்லாரும் நல்லது என்றார்கள். அரிசியைப் போட்டேன். கூரை இடியவில்லை. பால் திரியவில்லை. லேப்பில் ஒரு மாதிரியை எடுத்துப் பார்ப்பதுபோல் கரண்டியால் ஒரு முறை கிளறியும் பார்த்தேன். பால் பாலாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் மொட்டை மாடியில் பந்தலுக்குக் கீழே இலை போட்டுச் சாப்பிட்டார்கள். விமல்ராஜ் குடும்பத்தோடு வந்திருந்தார். ஆஞ்சப்பனும் வந்திருந்தார். அவர் சாப்பிட்டுவிட்டுக் கீழே வந்து அலமாரியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். சுற்றுவது என்றால் மூன்று பக்கம்தான். பிறகு பின்கட்டுக்குக் கை கழுவப் போனவர், திரும்பி வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலையும் அதன் வழியே தெரிந்த முதுகையும் பார்த்திருக்க வேண்டும். “எங்க ஊர்லயும் உண்டும்மா இது,” என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

பத்து மணிக்கு மேல் நாங்கள் நாலு பேர் மட்டும் மிச்சம். பொங்கல், வடை, கொஞ்சம் கேசரி. இலை தீர்ந்துவிட்டது. அத்தை, நாராயணம்மா, மாதேஷ் மூவரும் மேசையில் உட்கார்ந்தார்கள். நான் அலமாரியிலிருந்து மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்து அவர்களுக்கு வைத்துப் பரிமாறினேன். நாராயணம்மா வடையைப் பிய்த்துக்கொண்டே, “நல்லாப் பொங்குச்சுடி பாலு. ஒரு தடங்கல் இல்ல,” என்றார். “எல்லாம் எங்க சௌமியா கை ராசி,” என்றார் அத்தை. அவர் மனதாரச் சொன்னார். திங்கட்கிழமை கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது என்பதையும் அதே குரலில், அதே மூச்சில் மாதேஷிடம் சொன்னார்.

அலமாரியிடம் திரும்பிப் போனேன். இன்னும் எவர்சில்வர் தட்டுகள் இருந்தன. நடுவில் இருந்ததை எடுத்தேன். பொங்கலை வைத்துக்கொண்டு, அத்தைக்கு எதிர் நாற்காலியில், கண்ணாடியைப் பார்க்க உட்கார்ந்தேன். தட்டின் மடங்கிய விளிம்பு என் பக்கம் இருந்தது. பாரூரில் சாய்ப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்த மடிப்பில் கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொள்வேன். இப்போதும் விரல் தானாக அங்கே போனது. எனக்கு முன்னால் அங்கே அத்தையின் விரல் இருந்திருக்கும்.

முதலில் நாராயணம்மாதான் பார்த்தார்.

“ஏன்டி சரோஜா, அது அந்தத் தட்டில்ல?”

அத்தையின் கை பாதியில் நின்றது. மாதேஷ் தலை நிமிர்ந்தார். வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரித்துப் போடும் சத்தம் ஒவ்வொன்றாக வந்தது.

“ஏம்மா,” என்றார் அத்தை. குரலில் இன்னும் கோபம் வரவில்லை, வெறும் குழப்பம்தான். “ஒனக்கு வேற தட்டா இல்ல? அது அந்த மூணு நாளைக்கு வெச்சதும்மா. நல்ல நாளும் அதுவுமா அதுல குந்திச் சாப்புடற. போ, மாத்து.”

நான் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். மிளகு நாக்கில் கடித்தது. கண்ணாடியில் மேசை முழுவதும் தெரிந்தது. அத்தையின் பின்னந்தலை, அதில் காலை ஓமத்தின் சாம்பல் கொஞ்சம் படிந்து கிடந்தது. நாராயணம்மாவின் கையில் வடை. மாதேஷின் காது. அவர்களைத் தாண்டி, ஜன்னல் இருந்த அதே உயரத்தில், என் முகம். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. நாற்பத்தேழு மணி என்று மனம் கூட்டிச் சொன்னது. கைப்பை நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உள்ஜிப்பில் அந்த அட்டை, பத்து மாத்திரையும் அப்படியே, ஒரு கண்கூட உடையாமல்.

தட்டை மாற்றவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

“வெள்ளிக்கெழம பதினொண்ணரைக்கே வந்துருச்சு அத்தை,” என்றேன். “இன்னைக்கு மூணாம் நாள்.”